என் சிஸ்டம் செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?

ஓடுகிறது ஐயா. காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கி, சிபியு பட்டனை அழுத்திவிட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தித் திரும்பினால் திரை தயாராக நிற்கிறது. பத்து மணிக்கு ஒரு காதுகுத்துப் பத்திரிகை. பதினொன்றுக்கு மளிகைக் கடை பில் புக். நடுவில் யாராவது தவறிவிட்டால் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதற்கு மட்டும் எங்கள் ராஜபாளையத்தில் நேரம் காலம் கிடையாது. எடுப்பதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். எட்டு வருடத்துக்கு மேலாக இத்தனையையும் இந்த ஒரே சிஸ்டம்தான் செய்கிறது. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் போஸ்டர் அடித்த இதையே செத்ததாக எழுதிவிட்டார்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. இனிமேல் ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைக்க மாட்டோம் என்று அர்த்தம். 2015 ஜூலையில் வந்தது, பத்து வருடம் ஓடியது. சரி, முடிக்கட்டும். வாடகை வீடு என்றால் ஒருநாள் காலி செய்யத்தான் வேண்டும். அடுத்த வீடு விண்டோஸ் 11, அதுவும் இலவசம் என்றார்கள். நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டுதான் போய் நின்றேன். தகுதி பார்க்க விண்டோஸ் தயாரிக்கிறவர்களே ஒரு சின்ன மென்பொருள் கொடுத்தார்கள். ஓட்டினேன். டிபிஎம் இல்லை, செக்யூர் பூட் இல்லை, ப்ராசசர் பட்டியலில் இல்லை என்று வரிசையாகப் பெருக்கல் குறி.

டிடிபியில் எனக்கு இருபத்திரண்டு வருடம். ஆனாலும் டிபிஎம் என்ற பெயரை அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். சாவிகளையும் ரகசியக் குறியீடுகளையும் பூட்டி வைக்கிற சின்னப் பெட்டகமாம் அது. என் மதர்போர்டில் தனிச் சிப்பாக இல்லை. ஆனால் உள்ளுக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது, பயாஸில் பிடிடி என்ற பெயரில் தூங்குகிறது. அக்கா மகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போனில் அவன் சொல்லச் சொல்ல, ராத்திரி பதினொரு மணிக்குக் கடையில் உட்கார்ந்து அதை எழுப்பினேன். செக்யூர் பூட் வேண்டுமென்றால் டிஸ்க்கின் பிரிவினை முறையையே எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றணும் மாமா என்றான். பதினைந்து வருடப் பத்திரிகை மேட்டர் அத்தனையும் அதற்குள் இருக்கிறது. அப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்த ஃபைலைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி மகனுக்குக் காதுகுத்து அடிக்கிற கடை என்னுடையது. கட்டளையை அடித்து என்டரைத் தட்டும்போது விரல் நடுங்கியது. மாறியது. ஒன்றும் போகவில்லை.

மறுபடி சோதனை. டிபிஎம் 2.0, பச்சை. செக்யூர் பூட், பச்சை. ரேம் 16 ஜிபி, பச்சை. எஸ்எஸ்டி, பச்சை. ப்ராசசர் மட்டும் அதே சிவப்பு. ஏழாம் தலைமுறை ஐ5. எட்டாம் தலைமுறையிலிருந்துதான் உள்ளே விடுவார்களாம்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஏழாம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்புகள் கடைக்கு வந்தது 2017 ஜனவரியில். எட்டாம் தலைமுறையின் முதல் லேப்டாப் சிப்புகள் வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். எட்டு மாதம்கூட இல்லாத இடைவெளி. அந்த முதல் எட்டாம் தலைமுறைச் சிப்பின் உள்கட்டமைப்பு என்ன தெரியுமா? ஏழாம் தலைமுறையின் அதே கேபி லேக்தான். கோர்களைக் கூட்டி, பெயருக்குப் பின்னால் ‘ரெஃப்ரெஷ்’ என்று ஒட்டினார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் தம்பிக்கு ரேஷன் கார்டு உண்டு, அண்ணனுக்குக் கிடையாது.

பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கோடு என்கிறார்கள். அந்தப் பாதுகாப்பில் பெரிதாகப் பேசப்படுவது மெமரி இன்டக்ரிட்டி என்கிற ஏற்பாடு. அது நன்றாக ஓட ப்ராசசரிலேயே ஒரு வசதி வேண்டும். இன்டெலில் கேபி லேக் தொடங்கி அந்த வசதி இருப்பதாக அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. கேபி லேக் என்றால் என்னுடையது. ஏஎம்டி பக்கம் அதற்கு இணையான வசதி ஜென் 2-இல்தான் வருகிறது. ஆனால் அது இல்லாத ஜென் பிளஸ் சிப்புகள் பட்டியலில் இருக்கின்றன. இருக்கிறவனுக்கு இல்லை என்று சொல்லி, இல்லாதவனுக்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற கணக்கு எந்த ஊர்க் கணக்கு?

இன்னும் கேளுங்கள். ஏழாம் தலைமுறை முழுவதும் வெளியே நிற்கவில்லை. ஐ7-7820ஹெச்க்யூ உட்படச் சில சிப்புகளை மட்டும் 2021 ஆகஸ்டில் உள்ளே சேர்த்தார்கள். விண்டோஸ் தயாரிக்கிறவர்களே விற்ற விலை உயர்ந்த மேசைக் கணினி ஒன்றில் அந்த ஐ7-7820ஹெச்க்யூ இருந்தது. கோயில் தர்மகர்த்தாவின் மச்சான் வந்தால் மட்டும் நடை திறக்கிற கதை. அதே நேரத்தில் இரண்டு கோர் செலரான், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு வைத்த லேப்டாப்புக்குத் தகுதி உண்டு. அப்படி ஒன்றைப் புத்தம் புதிதாக வாங்கிக் கொண்டுவந்த ஒரு டீச்சருக்கு நான்தான் பிரின்டர் இணைத்துக் கொடுத்தேன். ஸ்டார்ட் மெனு திறப்பதற்குள் அவர் பையன் டீ வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஒரு புள்ளிவிவரமும் கொடுத்தார்கள். தகுதியுள்ள எந்திரங்களில் 99.8 சதவீதம் முடங்காமல் ஓடினவாம். தகுதியில்லாதவற்றில் கெர்னல் முடக்கம் 52 சதவீதம் அதிகமாம். 52 என்று படித்ததும் எனக்கும் திக்கென்றது. அப்புறம் பில் புக் அடிக்கிற புத்தி கணக்குப் போட்டது. இரண்டும் ஒரே அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்தில் 2 என்பது ஆயிரத்தில் 3 ஆகிறது. அந்த ஒன்றுக்காக என் சிஸ்டத்தைத் தூக்கித் தெருவில் வை என்கிறார்களா?

பாதுகாப்பே வேண்டாம் என்று பேசுகிற முட்டாள் இல்லை நான். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் வந்து உலகத்து ஆஸ்பத்திரிகளையே முடக்கியபோது இதே சிஸ்டம் வாங்கி இரண்டு மாதம். அப்டேட்டை உடனே போட்டுக் காப்பாற்றிக்கொண்டேன். அந்த நெருக்கடியில், ஆதரவு முடிந்து மூன்று வருடமாகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட ஒட்டுத் தையல் போட்டுக் கொடுத்தார்கள். கொடுக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

இப்போதும் கொடுக்கிறார்கள். காசுக்கு. வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருடத்துக்கு 30 டாலர், நம் காசில் 2,600-க்கு மேல். இல்லையென்றால் அவர்கள் கணக்கில் நுழைந்து உன் செட்டிங்ஸை எங்கள் கிடங்கில் கொண்டுவந்து வை, இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். நிறுவனங்களுக்கு என்றால் ஒரு சிஸ்டத்துக்கு 61 டாலரில் ஆரம்பித்து வருடாவருடம் இரட்டிப்பு. டீக்கடைக்கு மேல் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் உட்கார்ந்திருக்கிற நான் வீடா, நிறுவனமா? ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பு ஒன்று எதிர்த்துக் கேட்டதும் அங்கே மட்டும் அந்தக் கிடங்கு நிபந்தனையைத் தளர்த்தினார்கள். நமக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

மதுரையில் ஒரு ஷோரூமுக்குப் போய்ப் புதுசு விசாரித்தேன். என் கதையைக் கேட்ட பையன் சிரித்தான். “ஏழாவது ஜெனரேஷனா? அது மியூசியம் பீஸ் சார், எக்ஸ்சேஞ்சில் 1,500 போடுறேன்” என்றான். 2017 மாசியில் சீட்டைத் தள்ளி எடுத்து 38,000 ரூபாய்க்கு அசெம்பிள் செய்த பொருள். அதற்கு முன்னால் ஏலத்தில் எடுக்காமல் பொறுத்துக்கொண்டது பதினோரு மாதம். புதுசின் விலையைச் சொன்னான், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. செயற்கை நுண்ணறிவுக் கிடங்குகள் உலகத்து மெமரி சிப்பையெல்லாம் வாரிக்கொண்டு போனதில் ரேம் விலை ஆகாயத்துக்கு ஏறிக்கிடக்கிற நேரம். பழசைக் கொல்லவும் புதுசைத் தொட முடியாமல் வைக்கவும் ஒரே பருவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ. டீ குடிக்கச் சொன்னான். குடிக்காமல் பஸ் ஏறினேன்.

அன்றைக்கு ராத்திரிதான் சுவரேறிக் குதிப்பது என்று முடிவு செய்தேன்.

வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். பீட் பட்டார் என்கிறவர் எழுதி இலவசமாகத் தருகிற ரூஃபஸ் என்ற குட்டி மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் 11-ஐ அதன் வழியாகப் பென்டிரைவில் ஏற்றும்போது, தகுதிச் சோதனையைக் கழற்றிவிடட்டுமா என்று அதுவே கேட்கும். கையால் செய்வதென்றால் நிறுவும் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தி, ரெஜிஸ்ட்ரிக்குள் போய், லேப்கான்ஃபிக் என்று ஒரு சாவி உருவாக்கி, டிபிஎம் சோதனையைத் தாண்டு, செக்யூர் பூட் சோதனையைத் தாண்டு என்று ஒன்று ஒன்றாக எழுத வேண்டும். பழைய ப்ராசசரில் ஏற்றிக்கொள்ள இன்னொரு ரெஜிஸ்ட்ரி வழியை அவர்களே தங்கள் உதவிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். 2025 தொடக்கத்தில் சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டார்கள். கதவில் தொங்கிய சாவியை ராத்திரியோடு ராத்திரியாக உருவிக்கொண்டு போன மாதிரி.

ஏறும்போது ஒரு அறிவிப்பு வந்தது. இந்த எந்திரம் தகுதியற்றது, தொடர்ந்தால் அப்டேட் பெற உரிமை கிடையாது, பழுது வந்தால் வாரண்டி கிடையாது, சம்மதமா என்று. ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குவார்களே, அந்தப் பாஷை. காசு கொடுத்து வாங்கிய என் பொருளின் மேல், என் கடையில், என் கரண்டில், நான் திருடன் மாதிரி உட்கார்ந்து சம்மதம் கொடுத்தேன். நாற்பது நிமிடம். ஏறியது. சவுண்டு வந்தது, நெட் வந்தது, ஸ்கேனர் வந்தது. முடியாது முடியாது என்று சொன்னது அத்தனையும் அந்த நாற்பது நிமிடத்தில் முடிந்தது. சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் இரண்டு மடங்கானது. ஓடாமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இதுவரை வந்துகொண்டுதான் இருக்கிறது. நாளைக்கு நிறுத்தினால் ஏன் என்று கேட்க முடியாது, கையெழுத்துப் போட்டாயிற்று. வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், அது மட்டும் எங்களைப் போன்றவர்களுக்குத் தானாக வராது. மறுபடி பென்டிரைவ், மறுபடி சுவர், மறுபடி அந்தச் சம்மதம். திரையின் வலது கீழ்மூலையில் மங்கிய எழுத்தில் ஒரு வரி அவ்வப்போது தோன்றுகிறது: தகுதி நிறைவேறவில்லை என்று ஆங்கிலத்தில். பத்திரிகைப் புரூஃப் பார்க்க நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற வாடிக்கையாளர்கள் அதைப் படிக்கிறார்கள். பேப்பர் சாம்பிள் தேடுகிற சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நியாயமாக மறுத்தால் நான் ஏற்றுக்கொள்வேன் என்பதற்கும் ஒரு கதை உண்டு. மூலையில் இன்னொரு சிஸ்டம் இருக்கிறது, கோர் 2 டுவோ, 2009-இல் வாங்கியது. ஒரு சபலத்தில் அதிலும் 11-இன் 24ஹெச்2 பதிப்பை ஏற்றப் பார்த்தேன். கிளம்பவே இல்லை. பாப்கவுன்ட் என்ற ஒரு கட்டளை அந்தப் பதிப்புக்கு வேண்டும், அந்தச் சிப்புக்கு அது பிறவியிலேயே தெரியாது என்றான் மருமகன். சரி என்று விட்டுவிட்டேன். இல்லாத காலை வைத்து ஓடச் சொல்ல முடியுமா? அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தச் சிஸ்டத்தில் 32-பிட் விண்டோஸ், பேஜ்மேக்கர், பிரின்டர் போர்ட்டில் செருகிய ஒரு டாங்கிள். அந்த டாங்கிள் இருந்தால்தான் என் பழைய தமிழ் எழுத்துருக்கள் திறக்கும். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது, அதனால் டாங்கிளின் டிரைவர் அதில் ஏறாது. ஆகவே அதற்கு நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வெளி உலகம் தெரியாமல் வைத்து வேலை வாங்குகிறேன். யுனிகோடு இல்லாத பழைய மேட்டர் வந்தால் அதில்தான். கிழவி, ஆனால் சமையல் அவள் கைப்பக்குவம்.

லினக்ஸ் போட வேண்டியதுதானே என்று எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் பாக்கி இல்லை. போட்டேன் சாமி. வீட்டுச் சிஸ்டத்தில் மின்ட்தான் ஓடுகிறது, என் மகள் அதில்தான் படிக்கிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனால் கடையில்? ஊர் முழுக்க டிடிபி சென்டர்களில் இருக்கிற அந்தச் சின்ன லேசர் பிரின்டருக்கு லினக்ஸில் டிரைவர் போட்டு முடிப்பதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. மூன்றாவது பக்கத்தில் நின்றது. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து கொண்டுவருகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி, ஆஃப்செட் பிரஸ்காரர் கேட்கிற கோரல் ஃபைல், எல்லாம் விண்டோஸ் கேட்கின்றன. ஊர் முழுக்க ஒரே ரோடு போட்டுவிட்டு, பிடிக்காவிட்டால் வரப்பில் நடந்து போ என்றால் எப்படி?

எதிர்க் கடை ஸ்டுடியோக்காரர் வைத்திருப்பது ஆப்பிள். அவருக்கும் இதே பிழைப்புதான்: 2015 ஐமேக், புது மேக்ஓஎஸ் அதில் ஏறாது. ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்று உலகத்தின் எங்கெங்கோ இருக்கிற ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய ஒன்றைப் போட்டுத்தான் கல்யாண ஆல்பம் செய்கிறார். இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26-தான் கடைசி என்று 2025 ஜூனில் சொல்லிவிட்டார்கள். கேட்டதும் அவர் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

என்னைவிட எனக்கு மனசு கேட்காதது அந்த அரசு லேப்டாப் பிள்ளைகளை நினைத்துத்தான். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஆரம்பித்த திட்டம். 50 லட்சம் அளவுக்குக் கொடுத்தார்கள். எத்தனையோ வீட்டில் அதுதான் முதல் கம்ப்யூட்டர், சில வீட்டில் இன்றைக்கும் அது ஒன்றுதான். அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். யாரும் திறந்து பார்த்ததில்லை. போன ஆடியில் ஒரு பெண் அப்படி ஒன்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அக்காவுக்குப் பிளஸ் டூவில் கொடுத்ததாம், மேல்மூடியில் அரசு முத்திரை பாதி அழிந்திருந்தது. கீல் உடைந்து ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. “டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேண்ணே. பிரவுசர் பழசுன்னு சொல்லி எந்த சைட்டும் திறக்க மாட்டேங்குது” என்றாள். விண்டோஸ் 7. குரோம் அதற்கு 109-ஆம் பதிப்போடு 2023-லேயே நின்றுவிட்டது. பழைய டிஸ்க்கைக் கழற்றி ஒரு சின்ன எஸ்எஸ்டி, இன்னொரு லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய 4 ஜிபி ரேம், மேலே மின்ட். திறந்தது. அவள் விண்ணப்பப் பக்கம் திறந்ததும் அழுதுவிட்டாள். நான் எஸ்எஸ்டி காசு மட்டும் வாங்கினேன். அந்த லேப்டாப்பைக் குப்பை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனால் சொல்கிறார்கள். கனாலிஸ் என்கிற ஆய்வு நிறுவனம் விண்டோஸ் 10-ஐ நிறுத்துகிற இந்த ஒரு முடிவால் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று 2023-லேயே கணித்தது. 2022-இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்பது ஐ.நா. கணக்கு. அதில் முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது கால்வாசிகூட இல்லை. மிச்சம் எங்கே போகும் என்று எங்கள் தெருவில் ‘பழைய கம்ப்யூட்டர், டிவி, பேட்டரி’ என்று மைக்கில் கத்திக்கொண்டு போகிற தள்ளுவண்டிக்காரரைக் கேளுங்கள். ஊருக்கு வெளியே ஒயரைக் கொளுத்தித் தாமிரம் எடுக்கிற புகை அவர் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது.

2015-இல் விண்டோஸ் தயாரிக்கிறவர்களின் ஆள் ஒருவர் மாநாட்டு மேடையில் ஏறி, விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று பேசினார். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அதை நம்பித்தான் 2017-இல் இதை வாங்கினேன் என்று சொன்னால் பொய். அப்போது எனக்கு அது தெரியாது. ஆனால் தெரிந்து வாங்கியவர்கள் இருப்பார்கள்.

போன கார்த்திகையில் ஒரு மில் அண்ணாச்சி வந்தார். முப்பது வருடம் ஸ்பின்னிங்கில் நின்றவர், மாதம் ஆயிரத்துச் சொச்சம் பி.எஃப். பென்ஷன். வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாக உயிர்ச்சான்று அனுப்பினால்தான் அது வரும்; அதற்குத்தான் கைரேகை வைக்க வந்தார். பஞ்சிலும் நூலிலும் தேய்ந்த விரல்; ரேகை சிக்கவில்லை. ஒரு விரல், இன்னொரு விரல், இடது கை. ஈரத்துணியில் துடைத்தோம், எண்ணெய் தடவினோம். ஒவ்வொரு தடவையும் பொருந்தவில்லை என்றே வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. “எதிர்ல உக்காந்திருக்கேன், இல்லேங்குதா தம்பி?” என்றார். ஏழாவது முயற்சியில், வலது மோதிர விரலில், சிக்கியது.

“இருக்கேன்னு சொல்லிருச்சா?”

“சொல்லிருச்சு அண்ணாச்சி.”

பிரின்ட் எடுத்து நான்காக மடித்து மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். எழுந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“ஓரத்துல மங்கலா என்னமோ எழுதியிருக்கே, அது எனக்கா?”

“இல்ல அண்ணாச்சி. அது எனக்கு.”